சதுரங்கப் பலகை அரிசி எண் பகா எண்ணா?

கேள்வி என் அண்ணன் மகளுடையது. பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறாள், படிவம் 4 படிக்கிறாள். வாட்சப்பில் அவள் அனுப்பியது இதுதான்: "சித்தப்பா, சதுரங்கப் பலகையில மொத கட்டத்துல ஒரு அரிசி, அடுத்ததுல ரெண்டு, அப்புறம் நாலுன்னு வச்சிட்டே போனா மொத்தம் 18,446,744,073,709,551,615 வருதாம். அட் மேத்ஸ் சார் சொன்னாரு. இது பகா எண்ணா? கால்குலேட்டர்ல முழுசா வரவே மாட்டேங்குது. இவ்ளோ பெரிய எண்ண கம்ப்யூட்டர் இல்லாம எப்படிப் பிரிக்கிறது? இன்னொண்ணு, இதே எண்ண உங்க லேப்டாப்ல ஒரு தடவ பாத்த மாதிரி இருக்கே?"

குரல் பதிவில் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நாலாவது நிமிடத்தில் எனக்கே எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

பாப்பா, முதல் கேள்விக்குப் பதில் ஒரு வரிதான். இது பகா எண் இல்லை. கடைசி இலக்கம் 5, ஆகவே 5-ஆல் வகுபடும். இலக்கங்களைக் கூட்டிப் பார், 87 வரும். 87 மூன்றால் வகுபடும், ஆகவே 3-ஆலும் வகுபடும். உன் பாடநூலில் 'நொம்போர் பெர்டானா' என்று போட்டிருக்கும் பட்டியலில் இதற்கு இடமில்லை.

ஆனால் உன் இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. கம்ப்யூட்டர் இல்லாமல் முழுசாகப் பிரிக்க முடியுமா? முடியும். ஒரு தாள், ஒரு பேனா, நீ ஏற்கெனவே படித்த ஒரே ஒரு சூத்திரம் போதும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்தச் சூத்திரம் கைவிடும். அந்த இடத்தில்தான் ஐரோப்பாவின் பெரிய கணிதர் ஒருவரே தடுமாறி விழுந்தார்.

அதற்கு முன்னால் எண்ணின் அளவை ஒருமுறை பார்த்துவிடுவோம். போன தீபாவளி லீவில் நீ இங்கே வந்திருந்தபோது சித்தியின் எலக்ட்ரானிக் தராசில் பொன்னி அரிசி நிறுத்து எண்ணினோமே, ஞாபகம் இருக்கிறதா? 10 கிராம் நிறுத்து எவர்சில்வர் தட்டில் கொட்டி, பத்துப் பத்தாக விரலால் ஒதுக்கினோம். நீ 617 என்றாய், நான் 622 என்றேன், சித்தி வந்து "சோறு எப்ப வடிக்கிறது?" என்றாள். 620 என்று ராசியாகி விட்டுவிட்டோம். அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கிராமுக்கு 62 மணி. நம் எண்ணை 62-ஆல் வகுத்தால் வருவது கிராம். அதை டன்னாக்கினால் ஏறக்குறைய 29,750 கோடி டன். உலகம் முழுக்க ஒரு வருடத்தில் கிடைக்கும் அரிசி ஏறத்தாழ 50 கோடி டன். அப்படியானால் உலகத்து வயல்கள் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு பலகைக்காகவே சுமார் 600 வருடம் விளைய வேண்டும். அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோவில் பால்பாயசக் கதை கேட்டிருப்பாய். அரசன் இன்னும் கடன் அடைத்துக்கொண்டிருக்கிறான் என்று முடியுமே, அதே எண்தான்.

இந்த எண்ணைக் கணக்கிட்டவர்களில் எனக்குப் பிடித்தவர் அல்-பிரூனி. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அறிஞர். அவர் எழுதிவைத்த விடை இலக்கம் மாறாமல் இதுவே. 64 முறை இரட்டிக்கத் தேவையில்லை என்பதைக் கவனி. 2-ஐ அதனாலேயே பெருக்கு, 4. அதை அதனாலேயே பெருக்கு, 16. பிறகு 256. பிறகு 65,536. பிறகு 4,294,967,296. இன்னும் ஒரே ஒரு பெருக்கல், 18,446,744,073,709,551,616 வந்துவிடும். ஆறு பெருக்கலில் வேலை முடிந்தது. கடைசிப் பெருக்கலுக்கு மட்டும் ஒரு முழுத்தாள் வேண்டும். செய்து பார், கைக்கு நல்லது.

இது 2⁶⁴. நம் எண் இதைவிட ஒன்று குறைவு. ஏன் ஒன்று குறைவு என்பதற்கு ஜஞ்சாங் கியோமெத்ரி (பெருக்குத் தொடர்) சூத்திரத்தை உன் சார் எழுதியிருப்பார். நான் சொல்வது வேறு விதம். எந்தக் கட்டத்தில் நின்று பார்த்தாலும், அதில் இருக்கும் அரிசி அதற்கு முன்னால் உள்ள எல்லாக் கட்டத்தின் மொத்தத்தைவிட ஒரே ஒரு மணி கூடுதல். 1, 2, 4 சேர்ந்தால் 7. அடுத்த கட்டத்தில் 8. ஆகவே 64 கட்டமும் சேர்ந்த மொத்தம், இல்லாத 65-ஆவது கட்டத்துக்கு ஒரு மணி குறைவு. நம் எண் 2⁶⁴ − 1.

எண்ணைத் தமிழில் வாசிக்க ஆசை இருந்தால்: 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95 லட்சத்து 51 ஆயிரத்து 615. இங்கே மில்லியன், பில்லியன் என்று பழகிவிட்ட வாய்க்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.

இப்போது பிரிப்போம். நீ படிவம் 2-லேயே பார்த்திருப்பாய்: அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ). நம் எண்ணில் 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம், 1 என்பது 1-இன் வர்க்கம். ஆகவே 2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1). இதில் இரண்டாவது துண்டு மறுபடியும் அதே சாயல். அது (2¹⁶ + 1)(2¹⁶ − 1) ஆகும். திரும்பவும் உடை. வெங்காயம் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் நிற்பது:

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65,537 × 4,294,967,297

இருபது இலக்க எண்ணை நாலு வரியில் ஆறு துண்டாக்கிவிட்டாய். எண் பெரியது என்பதால் பிரிக்கக் கடினம் என்று நினைப்பது தப்பு. எண்ணின் பருமன் ஒன்றும் செய்யாது, அதன் அமைப்புதான் எல்லாம். இதைவிடச் சின்ன எண் 2⁶¹ − 1, அதாவது 2,305,843,009,213,693,951. அதை எந்தச் சூத்திரத்தாலும் உடைக்க முடியாது, ஏனென்றால் அது பகா எண். 1883-இல் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார் அதை நிரூபித்தார். 64 இரண்டு இரண்டாகப் பிளக்கிற அடுக்கு, 61 பிளக்காத அடுக்கு.

சரி, ஆறு துண்டில் 3, 5, 17, 257 எல்லாம் பகா எண் என்று நீயே சரிபார்த்துவிடலாம். 65,537-உம் பகா எண்தான். இணைய வங்கியில் பூட்டுப் போடப் பயன்படும் ஆர்எஸ்ஏ முறையில் இன்றைக்கும் வழக்கமாக எடுக்கும் எண் இந்த 65,537. மேபேங்க் செயலியைத் திறக்கும்போதெல்லாம் இது எங்கோ பின்னால் ஓடிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

மிச்சம் 4,294,967,297. இங்கேதான் கதை.

இந்த ஆறு எண்களுக்கும் ஒரே முகம்: 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1, 2³² + 1. அடுக்கு எல்லாம் 1, 2, 4, 8, 16, 32. அடுக்கு ஏன் இப்படி மட்டும் இருக்க வேண்டும்? 2⁹ + 1 எடுத்தால் என்ன ஆகும்? அதற்கு நீ தண்ணீர்மலைக்குப் போனால் போதும். முருகன் கோவில் படிகள் 513. அது 512 + 1, அதாவது சரியாக 2⁹ + 1. ஒன்பதை மூன்று மூன்றாகப் பிரிக்கலாம் என்பதால் 2⁹ + 1 என்பது 2³ + 1-ஆல், அதாவது 9-ஆல் வகுபடும். 9 × 57 = 513. தைப்பூசத்துக்கு ஏறும்போது ஒன்பது படிக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் 57 தடவையில் உச்சி. அடுக்கில் ஒற்றைப்படைக் காரணி ஒன்று ஒளிந்திருந்தால் இப்படி உடைந்துவிடும். ஒளியாமல் இருக்க வேண்டுமென்றால் அடுக்கே 1, 2, 4, 8, 16 என்று இருக்க வேண்டும். (பத்து மலைக்கு 272 படி, அது 16 × 17. கோலாலம்பூர்க்காரர்களுக்கும் ஒரு 17 கிடைத்துவிட்டது.)

1640-இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் இந்த வரிசையைப் பார்த்தார். நான் முதலில் சொன்ன பெரிய கணிதர் இவர்தான். 3, 5, 17, 257, 65,537. ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுக்கப் பகா எண்கள்தான் என்று தன் நம்பிக்கையைக் கடிதத்தில் எழுதினார். நிரூபணம் இல்லை, நம்பிக்கை மட்டும். ஆறாவது ஆள் 4,294,967,297-ஐ அவர் சோதித்து முடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் சோதித்திருந்தால் விழுந்திருக்கும். எனக்கு ஃபெர்மா மேல் மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவருக்குப் பொறுமை போதவில்லை என்றுதான் தோன்றுகிறது. எவ்வளவு கொஞ்சமான வேலை பாக்கி இருந்தது என்று பார்த்தால் நீயும் அதையே சொல்வாய்.

1729-இல் கோல்ட்பாக் என்ற கணிதர் ஒரு கடிதத்தில் இதை இளம் கணிதர் ஆய்லரிடம் கேட்டார். (ஆமாம், அதே 1729. ராமானுஜனின் டாக்ஸி எண். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.) 1732-இல் ஆய்லர் விடையோடு வந்தார். 4,294,967,297 = 641 × 6,700,417.

641-ஐ எப்படிப் பிடித்தார்? கண்ணை மூடிக்கொண்டு 3, 7, 11, 13 என்று வகுத்துக்கொண்டே போகவில்லை. இந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் எப்படித்தான் இருக்க முடியும் என்று முதலில் யோசித்தார். அந்த யோசனையை நான் கும்மியாக மாற்றிச் சொல்கிறேன்.

17-ஐ எடு. 1 முதல் 16 வரை பதினாறு பெண்கள் நிற்கிறார்கள். விதி ஒன்றுதான்: ஒவ்வொருத்தியும் தன்னை இரண்டால் பெருக்கி, 17-ஐத் தாண்டினால் 17-ஐக் கழித்து, வருகிற எண்ணுக்காரியின் கையைப் பிடிக்க வேண்டும். 1 போய் 2-ஐப் பிடிக்கிறாள், 2 போய் 4-ஐ, 4 போய் 8-ஐ, 8 போய் 16-ஐ, 16 போய் 15-ஐ, 15 போய் 13-ஐ, 13 போய் 9-ஐ, 9 திரும்ப வந்து 1-ஐ. எட்டுப் பேர் கொண்ட ஒரு வட்டம். மீதி இருப்பவர்களும் எட்டுப் பேர். அவர்கள் 3-இல் தொடங்கினால் 3, 6, 12, 7, 14, 11, 5, 10, திரும்ப 3. இன்னொரு எட்டுப் பேர் வட்டம். எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இப்படிச் சம அளவு வட்டங்களாகத்தான் கும்மி பிரியும், ஒருத்திகூடத் தனியாக நிற்க மாட்டாள்.

இப்போது 2³² + 1-ஐ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வை. அப்படியானால் அந்தக் கும்மியில் 1-இலிருந்து 32 அடி வைத்தால் −1-இல், அதாவது கடைசிப் பெண்ணிடம், போய் நிற்போம். இன்னும் 32 அடி வைத்தால் 1-க்கே திரும்பிவிடுவோம். ஆகவே வட்டத்தின் அளவு 64-ஐ வகுக்கும், ஆனால் 32-ஐ வகுக்காது. அப்படிப்பட்ட எண் 64 மட்டுமே. ஒவ்வொரு வட்டத்திலும் 64 பேர் என்றால், மொத்தப் பெண்களின் எண்ணிக்கை 64-இன் மடங்கு. பகா எண் அதைவிட ஒன்று கூடுதல்.

ஆகத் தேட வேண்டியது 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று 64 தாண்டித் தாண்டிப் போகும் எண்களை மட்டும். நம் 513 இங்கேயும் வந்து நிற்கிறது பார்! ஆனால் அது 9-ஆல் வகுபடும் என்று ஏற்கெனவே தெரியும், தள்ளு. 65, 129, 321, 385 எல்லாமே பகு எண்கள், தள்ளு. 257-இன் கும்மி வட்டத்தில் பதினாறே பேர், அறுபத்து நாலு இல்லை, அதையும் தள்ளு. மிச்சம் 193, 449, 577, 641. நாலே நாலு. 193 மீதி 109 விடும். 449 மீதி 325. 577 மீதி 288. அடுத்தது 641.

641-ஐ உன் சாதாரணக் கால்குலேட்டரிலேயே பார்த்துவிடலாம், பெரிய எண்ணைத் தொடவே வேண்டாம். 65,536-ஐ 641-ஆல் வகு, மீதி 154. 65,536-இன் வர்க்கம்தான் 2³², ஆகவே 154-இன் வர்க்கத்தைப் பார்த்தால் போதும். 154 × 154 = 23,716. 641 × 37 = 23,717. ஒன்று குறைகிறது! அந்தக் குறைகிற ஒன்றைத்தான் 2³² + 1-இல் இருக்கிற "+ 1" நிரப்புகிறது. மீதி பூஜ்யம். ஃபெர்மா 92 வருடம் முன்னால் நாலு வகுத்தல் செய்திருந்தால் இதைக் கண்டிருப்பார்.

இன்னொரு வழியும் உண்டு, அதைக் காட்டாமல் விட மனசு வரவில்லை. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 640 + 1, இதில் 640 = 5 × 2⁷. இன்னொன்று, 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இரண்டாவதை 2²⁸-ஆல் பெருக்கு. 641 × 2²⁸ = 5⁴ × 2²⁸ + 2³² ஆகும். இதில் 5⁴ × 2²⁸ என்பது 640-இன் நாலாம் அடுக்கு. ஆகவே

2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1)

வலப்பக்கம் முதல் துண்டு 641-இன் மடங்கு என்பது கண்ணுக்கே தெரிகிறது. இரண்டாவது துண்டு? அ² − ஆ²-ஐ இரண்டு முறை போடு. 640⁴ − 1-க்குள் 640 + 1 இருக்கிறது, அது 641. இரண்டும் வகுபடுகிறது, கழித்தாலும் வகுபடும். ஒரு வகுத்தல்கூடச் செய்யவில்லை. நான் இதை முதல் தடவை பார்த்தது பட்டர்வொர்த் பெர்ரியில், யாரோ கொடுத்த நகல் தாளில். கரை வந்தும் இறங்காமல் நின்று திட்டு வாங்கினேன்.

மிச்சம் 6,700,417. இது பகா எண்ணா? இதன் வர்க்கமூலம் 2,588-ஐச் சற்றுத் தாண்டும். அதுவரை சோதிக்க வேண்டும். 1878-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் இந்த விதியை இன்னும் இறுக்கினார்: 64-இன் மடங்கு இல்லை, 128-இன் மடங்கோடு ஒன்று. அப்படிப் பார்த்தால் 2,588-க்குள் 641-இலிருந்து தேறும் பகா எண்கள் நான்குதான்: 641, 769, 1153, 1409. வகுத்தால் மீதி முறையே 44, 120, 334, 622. எதுவும் பூஜ்யம் இல்லை. பகா எண்ணேதான். ஏழு இலக்கப் பகா எண் ஒன்றை நாலு வகுத்தலில் நிரூபித்துவிட்டாய்!

ஆகவே உன் கேள்விக்கு முழு விடை:

18,446,744,073,709,551,615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 6,700,417

ஏழு பகா எண்கள், எதுவும் இரண்டாம் முறை வரவில்லை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் 1-ஐயும் அந்த எண்ணையும் சேர்த்துக் காரணிகள் 2⁷ = 128. இந்த எண்ணுக்கு 7 காரணி இல்லை. 7-இன் கும்மியில் 1, 2, 4, திரும்ப 1 என்று மூன்று பேர் வட்டம், 64-ஐ மூன்றால் வகுக்க முடியாது. நம் எண்ணை 7-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். ஆகவே இன்று திங்கட்கிழமையானால், இத்தனை நாள் கழித்து வருவது செவ்வாய். அன்றைக்கு டியூஷன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

உன் சார் கேட்டிருக்க மாட்டார், ஆனாலும் இந்த எண்ணில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இனிமேல்தான் வருகிறது. நம் எண்ணுக்கு ஒரு குடும்பம் உண்டு: 3, 15, 255, 65,535, 4,294,967,295, அப்புறம் நம்முடையது. எல்லாமே பலகையின் முதல் 2, 4, 8, 16, 32, 64 கட்டங்களின் மொத்தம். இப்போது 15-ஐ எடு. 15-ஐவிடச் சிறியதாக, அதோடு எந்தப் பொதுக் காரணியும் இல்லாத எண்கள் 1, 2, 4, 7, 8, 11, 13, 14. எட்டு. பக்கத்து வீட்டுக்காரன் 16-க்கு அதே கேள்வி: ஒற்றைப்படை எண்கள் மட்டும், அதுவும் எட்டு. 255-க்கு 128, 256-க்கும் 128. 65,535-க்கு 32,768, அடுத்த எண்ணுக்கும் அதே. 4,294,967,295-க்கும் அடுத்த எண்ணுக்கும் 2,147,483,648. அச்சுப் பிசகாமல் வருகிறது. காரணம் எளிது. இந்தக் கணக்குக்கு ஒவ்வொரு பகா காரணியிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்க வேண்டும். 3, 5, 17, 257, 65,537-இல் ஒன்று கழித்தால் 2, 4, 16, 256, 65,536. எல்லாம் இரண்டின் அடுக்கு, பெருக்கினால் 2³¹.

நம் எண்ணில் இது உடைகிறது. 4,294,967,297 பகா எண்ணாக இருந்திருந்தால் அங்கே 4,294,967,296 வந்திருக்கும், சமன் நின்றிருக்கும். ஆனால் 641 குறுக்கே புகுந்து அதை 640 × 6,700,416 = 4,288,266,240 ஆக்கிவிட்டது. ஆயிரத்துக்கு ஒன்றரை அளவு பற்றாக்குறை. அவ்வளவு நாள் ஒழுங்காக வந்த குடும்பத்தில் முதல் முறையாகத் தாளம் தப்பிய பிள்ளை நம் எண்தான். 641-ஐத் தெரியாதவனுக்கு அந்தத் தப்பு கேட்கவே கேட்காது.

இதே காரணத்தால் இன்னொரு கதவும் நம் எண்ணில் சாத்தப்படுகிறது. கவராயமும் அளவு குறிக்காத ஒரு கோலும் வைத்துக்கொண்டு எந்த ஒழுங்குப் பலகோணத்தை வரையலாம் என்ற பழைய கேள்வி. 1796-இல் காஸ், வயது பதினெட்டு, பதினேழு பக்கம் வரையலாம் என்று காட்டினார். 1837-இல் வான்ட்ஸெல் எதை வரைய முடியாது என்பதை முடித்துவைத்தார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்கள் உள்ளவற்றில் வரைய முடியும் என்று இன்றுவரை தெரிந்தவை 31. அந்த 31-உம் 4,294,967,295-இன் காரணிகள், 1-ஐத் தவிர. அதற்கு அடுத்த படி நம் எண். ஆனால் 641 பக்கத்தை வரைய முடியாது. 65,537 பக்கத்துக்கான செய்முறையை எழுத ஹெர்மெஸ் என்ற ஜெர்மானியர் பத்து வருடம் செலவழித்தார் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பரீட்சைக்கு ஒரு மணி நேரம் உட்கார மாட்டேன் என்கிறவர்கள் கவனிக்க.

பாஸ்கல் முக்கோணம் தெரியும்தானே? மேரு பிரஸ்தாரம் என்று நம் பக்கத்தில் அதற்குப் பழைய பெயர். ஒவ்வொரு வரியிலும் ஒற்றைப்படை வந்தால் 1, இரட்டைப்படை வந்தால் 0 என்று எழுது. 1, 11, 101, 1111, 10001, 110011, 1010101, 11111111. இவற்றை இரும எண்ணாக வாசி: 1, 3, 5, 15, 17, 51, 85, 255. எல்லாமே நம் எண்ணின் காரணிகள்! கோலம் போட்டது மாதிரி முக்கோணத்துக்குள் முக்கோணமாக இறங்கிக்கொண்டே போகும். அறுபத்து நாலாவது வரியில் ஒரு இரட்டைப்படைகூட இல்லை, 64 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். அந்த வரிதான் நம் எண்.

அதிலிருந்துதான் உன் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், லேப்டாப். பாயான் லெப்பாசில் என் வேலை சிப் சோதனை. எதைத் திறந்தாலும் 64 பிட். ஒரு பிட் என்பது 0 அல்லது 1 வைக்கும் ஒரு கட்டம். 64 கட்டம், சதுரங்கப் பலகை மாதிரியே. எல்லாக் கட்டத்திலும் 1 வைத்தால் அடையும் உச்ச எண் 18,446,744,073,709,551,615. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் பழைய கார் மீட்டர் 99999 தாண்டினால் 00000-க்குப் போவதுபோல எல்லாம் பூஜ்யமாகிவிடும். பின்னோக்கிப் போனாலும் அதே கதை. பூஜ்யத்தில் நிற்கும் மீட்டரை ஒன்று பின்னால் தள்ளினால் 99999. இங்கே நம் எண்.

நொடிக்கு நூறு கோடி வேகத்தில் எண்ணும் சிப் ஒன்று நேர்வழியாக இந்த எண்ணைத் தொட 584 வருடம் ஆகும். பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் இறங்கிய அன்றே எண்ணத் தொடங்கியிருந்தால்கூட இன்றைக்குப் பாதி தாண்டியிருக்காது. ஆகவே திரையில் இந்த எண் வந்தால் யாரும் எண்ணி எண்ணி அங்கே வரவில்லை, எவனோ பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்திருக்கிறான் என்று அர்த்தம். அன்றைக்கு அந்த எவன் நான்தான். இன்னும் எத்தனை சிப் சோதிக்க வேண்டும் என்று காட்டும் சின்னப் புரோகிராம் எழுதியிருந்தேன். கடைசிச் சிப் முடிந்த பிறகும் ஒன்றைக் கழித்துவிட்டது. "மீதம்: 18446744073709551615" என்று காட்டியது. நீ பின்னால் நின்று "சித்தப்பா, இவ்ளோ வேலை பாக்கியா?" என்று கேட்டாய். நான் லேப்டாப்பை மூடிவிட்டு ரொட்டி சானாய் வாங்கித் தந்தேன்.

ஆர்வம் இருந்தால் அடுத்த ஆளையும் பார். 2⁶⁴ + 1. கும்மி விதி, லூக்காவின் இறுக்கத்தோடு, அதன் காரணிகள் 256-இன் மடங்கோடு ஒன்று என்கிறது. மிகச் சிறியது 274,177. 256-ஆல் வகுத்தால் 1071 முறை, மீதி 1. சரியாக இருக்கிறது. 1880-இல் லாந்த்ரி தன் எண்பது வயதுக்குப் பிறகு இதைப் பிரித்துக் காட்டினார். மற்றொரு காரணி 67,280,421,310,721. இதை மட்டும் நாலு வகுத்தலில் முடிக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது, எண்ணின அரிசியைப் போட்டு எடுத்துப்போனாயே ஜாம் பாட்டில், அதைக் கொண்டு வா. சித்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.